எவ்வளவு துரு என்பதா, எங்கே துரு என்பதா? – ஒரு பழைய காரைக் கொண்டு ஐந்து பாடவேளைகள்

ஒன்பதாம் வகுப்பில் வேதிவினைகள் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள், "உங்கள் வீட்டைச் சுற்றித் துருப்பிடித்திருக்கும் பொருள் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். கதவுக் கொண்டி, மண்வெட்டி, தண்ணீர்க் குழாய், சைக்கிள் மட்கார்டு என்று பதில்கள் வந்தன. ஒரு மாணவி மட்டும், "கார் சார்" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அவள் வீட்டுக் கொல்லையில், வேப்பமரத்தடியில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நிற்கிறது. 1970இல் பதிவான நான்கு கதவு வண்டி. ஒரு மருத்துவரிடம் ஓட்டுநராக இருந்த அவளுடைய தாத்தா, பின்னாளில் அதே வண்டியை விலைக்கு வாங்கி ஓட்டியிருக்கிறார். அவர் மறைந்த பிறகு யாரும் அதை எடுக்கவில்லை. இப்போது அந்த இடத்தில் ஓர் அறை கட்ட வேண்டும். அப்பா பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறார். சித்தப்பா, "அப்பா வண்டியை உடைக்கவா போறீங்க? செலவு பண்ணி ஓட வைப்போம்" என்கிறார். வீட்டில் இரண்டு வாரமாகப் பேச்சு சரியில்லை.

"துருப்பிடிச்சுட்டா அவ்வளவுதானா சார்? சரி பண்ண முடியுமா, முடியாதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று கேட்டாள்.

துரு எப்படி உண்டாகிறது என்பதைப் பாடநூல் சொல்கிறது. துருப்பிடித்த ஒன்றை வைத்துக்கொள்வதா, விடுவதா என்று எப்படித் தீர்மானிப்பது? அதை நான் ஒருநாளும் கற்பித்ததில்லை. ஆனால் நம் மாணவர்கள் பள்ளியை விட்டுப் போன பிறகு அடிக்கடி எதிர்கொள்ளப் போவது இந்த இரண்டாவது கேள்வியைத்தான். பழைய மோட்டார், பழைய ஓட்டு வீடு, பழைய படகு என எதுவாகவும் அது இருக்கலாம். அந்த மாணவியின் பெற்றோரிடம் அனுமதி பெற்று, கணித ஆசிரியரையும் தமிழாசிரியரையும் சேர்த்துக்கொண்டு, ஐந்து பாடவேளைகளுக்கு ஒரு கற்றல் திட்டம் வகுத்தோம். அதன் படிகளையும் அதில் நாங்கள் கற்றதையும் இங்கே பகிர்கிறேன்.

முதல் பாடவேளை: பொருளை அறிதல்

எந்த முடிவுக்கும் முன் அந்தப் பொருள் எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிய வேண்டும். ஹெரால்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார் இது. உருவத்தை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. மதராசில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புரொடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் இதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது. இங்கிலாந்தில் இரண்டு கதவுகளோடு வந்த வண்டிக்கு இங்கே பின்னாளில் நான்கு கதவுகள் வைத்தார்கள். 948 கன சென்டிமீட்டர் இன்ஜின். பானெட்டைத் தூக்கினால் முன்பக்கத்து மட்கார்டுகளும் சேர்ந்தே முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். நம் மாநிலத்தில் உருவான கார் என்ற செய்தியே மாணவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது.

ஆனால் நம் கேள்விக்கு முக்கியமானது வேறு ஒன்று. கார்கள் பொதுவாக இரண்டு விதமாகக் கட்டப்படுகின்றன. ஒருவகையில் கீழே சேசிஸ் என்ற தனி இரும்புச் சட்டம் இருக்கும். இன்ஜின், சக்கரங்கள் எல்லாம் அதில் பொருத்தப்பட்டிருக்கும். மேலே உள்ள உடற்கூடு போல்ட் போட்டு அதன்மேல் உட்கார வைக்கப்பட்டிருக்கும். ஹெரால்டு இந்த வகை. இன்னொரு வகையில் தனிச் சட்டம் கிடையாது. தகடுகளை மடித்துப் பற்றவைத்த உடற்கூடே எடையைத் தாங்கும். அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் அந்த வகை.

இதைப் புரியவைக்க எளிய வழி: கட்டிலின்மேல் வைத்த அட்டைப்பெட்டி ஒன்று, தரையில் வைத்த அட்டைப்பெட்டி ஒன்று. இரண்டின் அடிப்பக்க ஓரத்தையும் தண்ணீரில் நனைத்து, மேலே நான்கு புத்தகங்களை வையுங்கள். பிறகு இரண்டையும் தூக்கச் சொல்லுங்கள். கட்டிலோடு சேர்த்துத் தூக்கினால் பெட்டி நனைந்திருந்தாலும் புத்தகம் விழாது. பெட்டியை மட்டும் தூக்கினால் அடி பிய்ந்துபோகும். அதாவது, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகடு ஓட்டையாகியிருந்தால், ஹெரால்டில் அது பெரும்பாலும் தோற்றக் குறைதான், கழற்றி மாற்றலாம். அதே இடத்தில் அதே அளவு ஓட்டை அம்பாசிடரில் இருந்தால், அது வண்டியின் முதுகெலும்பில் விழுந்த ஓட்டை. துரு ஒன்றுதான், இடமும் ஒன்றுதான். தீர்ப்பு மட்டும் வேறு.

பாடவேளை முடியும் முன் ஒரு வாக்கெடுப்பு நடத்தினோம். மாணவி கொண்டுவந்த இரண்டு புகைப்படங்களைப் பார்த்து 34 பேரில் 25 பேர் "சரிசெய்யலாம்" என்றார்கள். 6 பேர் "இரும்புக்குப் போடலாம்" என்றார்கள். 3 பேர் கை தூக்கவில்லை. அந்த மூவரில் அந்த மாணவியும் ஒருத்தி. காரணம் கேட்டபோது 25 பேரில் பெரும்பாலோர் எழுதியது: "முன்பக்கம் பளபளப்பாக இருக்கிறது." இந்தத் தாள்களைப் பத்திரமாக எடுத்து வைத்தோம். பின்னால் அவை தேவைப்பட்டன.

இரண்டாம் பாடவேளை: துருவை அறிதல்

ஐந்து சோதனைக் குழாய்களில் ஆணிச் சோதனையை வைத்தோம். முதலாவதில் குழாய்த் தண்ணீர்; இரண்டாவதில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், மேலே ஒரு விரற்கடை எண்ணெய்; மூன்றாவதில் ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு, வாயில் அடைப்பான்; நான்காவதில் உப்புத் தண்ணீர்; ஐந்தாவதில் முதல் குழாயைப் போலவே தண்ணீர், ஆனால் துத்தநாகம் பூசிய ஆணி. முதல் நான்கில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த, மணல்தாளால் தேய்த்த ஆணிகள். தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் முதல் இரண்டையும் நான்காவதையும் மட்டும் கண்ணாடிக் குவளைகளில் வைத்துக் காட்டலாம்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, இரண்டாவதும் மூன்றாவதும் ஏறக்குறைய வைத்தபடியே இருந்தன. முதலாவது துருப்பிடித்திருந்தது, நான்காவது அதைவிட மோசம். எங்கள் பள்ளி கடலுக்கு அருகே இருப்பதால், "உப்புக் காத்து" என்று பெரியவர்கள் சொல்வதன் பொருள் மாணவர்களுக்கு அன்றுதான் விளங்கியது. உப்பு கரைந்த நீர் மின்னோட்டத்தை எளிதில் கடத்துகிறது. அதனால் அரிமானம் விரைகிறது. ஐந்தாவதில், துத்தநாகம் தான் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கிறது.

மேல்நிலை மாணவர்களுக்கு மூன்று செய்திகளைச் சேர்க்கலாம்.

ஒன்று, துரு தன் தாய் இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். அதனால்தான் பெயின்ட் கொப்புளமாக எழும்புகிறது. கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே வேலை நெடுநாளாக நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இரண்டு, துரு இரும்பைவிட எடையும் கூடியது. இரும்பு ஆக்சைடில் (இரும்பு 2, ஆக்சிஜன் 3) அணு எடைகளைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்: 56 × 2 = 112; 16 × 3 = 48; மொத்தம் 160. எனவே நீரேறாத ஆக்சைடில் 70 விழுக்காடுதான் இரும்பு. ஒரு கிலோ இரும்பு முழுவதும் இப்படி மாறினால் எடை 1.43 கிலோ ஆகும். எடை கூடுகிறது, வலு போய்விடுகிறது. "கனமா இருக்கு, கெட்டியாத்தான் இருக்கும்" என்ற எண்ணம் இங்கே தகராது.

மூன்று, சேறும் இலைச் சருகும் அடைந்த இடுக்குகளில்தான் அரிமானம் ஆழமாகப் போகிறது. ஈரம் அங்கே காய்வதில்லை என்பது ஒரு காரணம். ஆக்சிஜன் குறைவாகச் சேரும் பகுதி எதிரே உள்ள பகுதிக்கு நேர்மின்முனையாக மாறி அரிக்கப்படுகிறது என்பது இன்னொரு காரணம். மூடிக் கிடக்கும் இடம் பாதுகாப்பானது என்று நாம் நினைப்பதற்கு நேர்மாறான உண்மை இது.

மூன்றாம் பாடவேளை: காந்தமும் காதும்

வண்டியைப் பார்க்கப் போகும் முன் சில விதிகளைக் கரும்பலகையில் எழுதினோம். எந்த மாணவரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் பெரியவர்களும் போகக் கூடாது. எதையும் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. பழைய பெயின்டில் ஈயமும், பழைய பிரேக் கட்டையில் கல்நாரும் இருக்கலாம். வெறுங்காலோடு வரக் கூடாது. தகடு கிழித்தால் உடனே ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். தசைவிறைப்பு நோய்க் கிருமி மண்ணில் வாழ்வது, அழுக்கடைந்த எந்தக் காயத்திலும் அது நுழையலாம். எல்லாவற்றுக்கும் முன், பெரியவர் ஒருவர் கழியால் தட்டி, பாம்பும் குளவிக்கூடும் இல்லை என்று பார்த்துச் சொன்ன பிறகே அருகில் போக வேண்டும்.

எங்களுக்கு ஆசிரியராக வந்தவர், நாற்பது ஆண்டுகளாக டிங்கர் வேலை செய்யும் ஒரு மேஸ்திரி. அவர் முதலில் காரைப் பார்க்கவில்லை. கார் நிற்கும் தரையைப் பார்த்தார். "மண்தரை. அடியிலேர்ந்து ஈரம் ஏறிக்கிட்டே இருந்திருக்கு" என்றார்.

பிறகு ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மாணவர்கள் கையில் கொடுத்தார். பானெட்டில் எங்கே வைத்தாலும் ஒட்டியது. பின்சக்கரத்து மேல்வளைவில் வைத்ததும் கீழே விழுந்தது. அங்கே தகடே இல்லை; பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். "பளபளன்னு இருக்கிற இடத்தைத்தான் முதல்ல சந்தேகப்படணும்" என்றார் மேஸ்திரி. முதல் நாள் வாக்கெடுப்புத் தாள்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்து ஓட்டுநர் கதவைத் திறந்தார். கதவு இரண்டு விரற்கடை கீழே இறங்கியது. கையால் தூக்கிப் பார்த்தார், கீல் ஆடவில்லை. "கீல் தேஞ்சிருந்தா கதவு மட்டும் ஆடும். இது ஆடலை. அப்ப கதவைத் தாங்குற தூண்தான் இறங்கியிருக்கு" என்றார். ஒரு அறிகுறி, இரண்டு காரணங்கள், இரண்டில் ஒன்றை விலக்கும் ஒரு சோதனை. அறிவியல் முறையை இதைவிடத் தெளிவாக நான் வகுப்பில் காட்டியதில்லை.

கம்பளத்தைத் தூக்கித் தரைத்தகட்டைப் பார்த்தார்; பேட்டரி வைக்கும் தட்டைப் பார்த்தார்; டிக்கியின் அடியைப் பார்த்தார். பிறகு வண்டியைத் தூக்கி, நான்கு பக்கமும் கட்டை கொடுத்து நிறுத்திவிட்டு, அவர் மட்டும் அடியில் போய்ச் சிறு சுத்தியலால் சேசிஸைத் தட்டிக்கொண்டே வந்தார். மாணவர்கள் வெளியே நின்று காதால் மட்டும் கேட்டார்கள். முன்பக்கம் "ணங், ணங்" என்றது. நடுவில் உடற்கூட்டைத் தாங்க இருபுறமும் நீளும் கைகளில் ஓசை மங்கியது. பின் அச்சைத் தாங்கும் இடத்தில் "பொத்" என்றது; துருத் துணுக்குகள் கொட்டின.

முன்பக்கம் ஏன் நன்றாக இருக்கிறது என்று ஒரு மாணவன் கேட்டான். "இன்ஜின்ல கசிஞ்ச ஆயில்தான் காப்பாத்தியிருக்கு" என்றார் மேஸ்திரி. "ரெண்டாவது குழாய்!" என்று நான்கைந்து பேர் ஒரே குரலில் கத்தினார்கள்.

வகுப்புக்குத் திரும்பியதும் கண்டவற்றை மூன்றாகப் பிரித்தோம். முதல் பகுதி, தோற்றத் துரு: கதவின் அடி ஓரம், கதவுக்குக் கீழ்த் தகடு, டிக்கி மூடி. இரண்டாவது, வேலையைக் கெடுக்கும் துரு: தரைத்தகடு, பேட்டரித் தட்டு, பிரேக் குழாய்கள். மூன்றாவது, தாங்கும் இடத்துத் துரு: சேசிஸின் பக்கக் கைகள், பின் அச்சைத் தாங்கும் பகுதி. எண்ணிக்கையில் முதல் பகுதிதான் நீளமானது. ஆனால் தீர்ப்பை எழுதுவது மூன்றாவது பகுதி. கண்ணுக்கு அதிகம் தெரிந்த துரு முடிவைத் தீர்மானிக்கவில்லை. கண்ணுக்கே தெரியாத இடத்துத் துருதான் தீர்மானித்தது.

நான்காம் பாடவேளை: கணக்கு

கணித ஆசிரியர் ஒரு மதிப்பீட்டுத் தாளைத் தயாரித்தார். இதில் உள்ள தொகைகள் பயிற்சிக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர்ப் பட்டறைகளில் விசாரித்து மாணவர்களே உண்மைத் தொகைகளை நிரப்புவது இன்னும் நல்லது.

சேசிஸ் வெல்டிங் 70,000, டிங்கர் வேலையும் தகடும் 1,20,000, பெயின்டிங் 60,000, இன்ஜின் 55,000, பிரேக், வயரிங், டயர் 65,000, இருக்கை, கண்ணாடி, ரப்பர் 30,000. மொத்தம் 4,00,000 ரூபாய்.

"இதோடு முடிந்துவிடுமா?" என்று கேட்டோம். பெயின்டை உரித்த பிறகுதான் தெரியும் ஓட்டைகள் உண்டு. எனவே எதிர்பாராச் செலவுக்கென 30 விழுக்காடு சேர்த்தோம்: 1,20,000. ஆக 5,20,000. இதே கணக்கை 10 விழுக்காடு, 50 விழுக்காடு என்று மாற்றிப் போட்டால் 4,40,000 முதல் 6,00,000 வரை விரிகிறது. தெரியாததற்கும் ஒரு விலை போட்டு வைக்க வேண்டும் என்பதே இந்தப் படியின் பாடம்.

சீரமைத்த வண்டியின் சந்தை விலை 3,00,000 என்று கொண்டால், பற்றாக்குறை 2,20,000. மாதம் 6,000 ரூபாய் ஒதுக்கும் ஒரு குடும்பம் 5,20,000 ரூபாயைச் சேர்க்க எத்தனை மாதம் ஆகும்? 87 மாதங்கள், அதாவது ஏழு ஆண்டுகளும் மூன்று மாதங்களும். "அதுவரைக்கும் துரு சும்மா இருக்குமா மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். கணித ஆசிரியர் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் கரும்பலகையின் மூலையில் எழுதிவைத்தார்.

பணக் கணக்கில் வராத இரண்டு செய்திகளையும் சேர்த்தோம். உதிரிபாகம் முதலாவது. அம்பாசிடர் 2014 வரை உற்பத்தியில் இருந்தது. அதனால் அதன் பாகங்கள் பரவலாகக் கிடைக்கின்றன. ஹெரால்டு நின்றுபோய் அரை நூற்றாண்டு ஆகிறது. இங்கிலாந்தில் டிரையம்ஃப் வண்டிகளுக்கு இன்றும் புதுப் பாகங்கள் செய்து விற்கிறார்கள். ஆனால் வரவழைக்கும் செலவு கூடும். தவிர, இந்திய வண்டிக்கென மாற்றிச் செய்த பாகங்கள், குறிப்பாகப் பின்கதவுகள், அங்கே கிடைக்காது.

ஆவணம் இரண்டாவது. 2021இல் அறிவிக்கப்பட்ட மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளைப் பழம்பெரும் வண்டியாகத் தனிப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்த முடியாது. ஆகவே சேசிஸ் எண் தெளிவாக இருக்கிறதா, பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது காந்தச் சோதனைக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை.

ஐந்தாம் பாடவேளை: எண்ண முடியாதது

இந்தப் பாடவேளையில்தான் நான் ஒரு தவறு செய்தேன். "கணக்கு சொல்லிவிட்டது, முடிவு தெளிவாக இருக்கிறது" என்று தொடங்கினேன். தமிழாசிரியர் என்னை நிறுத்தினார். "அந்தப் பிள்ளையின் வீட்டில் சண்டை பணத்தைப் பற்றியா நடக்கிறது?" என்று கேட்டார்.

அவர் முன்கூட்டியே ஒரு வேலை கொடுத்திருந்தார். நான்கு மாணவிகள் பாட்டியிடம் போய் அந்த வண்டியைப் பற்றிக் கேட்டு எழுதி வந்திருந்தார்கள். இரவில் பிரசவ வலி கண்டவர்களை அரசு மருத்துவமனைக்கு அந்த வண்டியில் ஏற்றிப் போனது, யாரிடமும் அதற்குப் பணம் வாங்காதது, மகள் கல்யாணத்துக்குப் பெண்ணழைப்பு ஊர்வலம் போனது என்று மூன்று பக்கம். கடைசியில் பாட்டி சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்கள்: "மழை விட்டதும் உங்க தாத்தா முதல்ல வண்டிக்கு அடியிலதான் குனிஞ்சு பார்ப்பாரு. மண்ணெண்ணெய்த் துணியால துடைச்சுட்டுத்தான் சாப்பிட வருவாரு."

இரண்டு பத்திகள் கொண்ட தாள் ஒன்றை ஒவ்வொருவருக்கும் கொடுத்தோம். இடப்பக்கம் எண்ணக்கூடிய காரணங்கள். வலப்பக்கம் எண்ண முடியாத காரணங்கள். ஒரு பத்தியில் இருப்பதை மற்றதில் கலக்கக் கூடாது என்பது மட்டுமே விதி. சித்தப்பாவின் பக்கம் பேசிய மாணவர்கள் முதலில், "நினைவு இருப்பதால் விலை கூடும்" என்றார்கள். கூடாது, சந்தைக்கு அந்தத் தாத்தாவைத் தெரியாது. அப்பாவின் பக்கம் பேசியவர்கள், "விலை இல்லாததால் நினைவுக்கும் மதிப்பில்லை" என்றார்கள். அதுவும் தவறு. நேர்மையான வாக்கியம் இப்படி அமையும்: "இந்த நினைவை இந்த வழியில் காக்க 2,20,000 ரூபாய் ஆகும். அது நம்மால் முடியுமா? இதைவிடக் குறைந்த செலவில் அதே நினைவைக் காக்க வேறு வழி உண்டா?"

கேள்வி இப்படி மாறியதும் இரண்டே வழிகள் நான்காயின. முழுவதும் சீரமைப்பது, சேதம் வளராமல் உலர்த்தி, உயர்த்தி, கூரைக்கடியில் அப்படியே நிறுத்திவைப்பது, நல்ல பாகங்களை வேறொரு ஹெரால்டைச் சீரமைப்பவருக்குக் கொடுப்பது, இரும்பு விலைக்குப் போடுவது. கடைசி வழியில் 600 கிலோ இரும்பு, கிலோ 25 ரூபாய் என்றால் 15,000 ரூபாய்தான் கிடைக்கும் என்பதையும் கணக்கிட்டார்கள்.

இரண்டாம் வாக்கெடுப்பு: முழுச் சீரமைப்புக்கு 4 பேர், அப்படியே நிறுத்திவைக்க 9 பேர், பாகங்களைக் கொடுக்க 19 பேர், இரும்புக்கு 2 பேர். இம்முறை அந்த மாணவியும் வாக்களித்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. 34 தாள்களையும் வீட்டுக்கு எடுத்துப் போக அனுமதி கேட்டாள், கொடுத்தேன்.

பிறகு நடந்தது

முடிவை எடுத்தது அந்தக் குடும்பம். எங்கள் வகுப்பு அல்ல. பின் அச்சைத் தாங்கும் பகுதி போய்விட்டதால் வண்டியை ஓட வைப்பதில்லை என்று அண்ணனும் தம்பியும் ஒத்துக்கொண்டார்கள். மேஸ்திரி மூலமாக, வெளியூரில் ஒரு ஹெரால்டைச் சீரமைத்துக்கொண்டிருந்த ஒருவரைக் கண்டுபிடித்தார்கள். பானெட், கண்ணாடிகள், இன்ஜின், முன்பக்கத்துப் பாகங்கள், இரண்டு பின்கதவுகள் ஆகியவை அவருக்குப் போயின. ஸ்டியரிங் சக்கரத்தை மட்டும் கொடுக்கவில்லை. அது புதிதாகக் கட்டிய அறையின் சுவரில் மாட்டியிருக்கிறது.

வண்டி ஏற்றப்பட்ட அன்று அந்த மாணவி மேஸ்திரியிடம், "பத்து வருஷம் முன்னாடி பார்த்திருந்தா?" என்று கேட்டிருக்கிறாள். "நாலு செங்கல்லும் ஒரு தார்ப்பாயும் போதும்மா" என்றாராம். இதை அவள் வகுப்பில் சொன்னபோது யாரும் பேசவில்லை. கணித ஆசிரியர் கரும்பலகையின் மூலையில் எழுதிய கேள்விக்கு அதுதான் விடை.

உங்கள் வகுப்பறைக்கு

பழைய கார் எல்லா ஊரிலும் கிடைக்காது, தேவையும் இல்லை. பள்ளியின் கைப்பம்பு, இரும்புப் பெஞ்சு, நுழைவாயில் கதவு, மாணவர்களின் சைக்கிள் என எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கேள்விகள் மட்டும் மாறக் கூடாது: இது எப்படிக் கட்டப்பட்டது? எடையைத் தாங்குவது எந்தப் பகுதி? துரு அங்கே இருக்கிறதா? எவ்வளவு ஆழம்? சரிசெய்தால் எதற்குப் பயன்படும்? தெரியாத செலவுக்கு எவ்வளவு ஒதுக்கினோம்? எண்ண முடியாத காரணம் என்ன?

தொடக்க வகுப்புகளில் காந்தச் சோதனையும் ஆணிச் சோதனையும் போதும். "எது ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை, ஏன்?" என்று பேச வையுங்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை விழுக்காடு, பராமரிப்பு அட்டவணை, நேர்காணல் எழுதுதல் ஆகியவற்றைச் சேர்க்கலாம். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் அரிமானத்தின் மின்வேதியியலையும் தடிமன் கணக்கையும் கொண்டுவரலாம். எடுத்துக்காட்டாக, 0.3 மில்லிமீட்டர் அரிக்கப்பட்டால் 1 மில்லிமீட்டர் தகட்டில் 30 விழுக்காடு இழப்பு. 2 மில்லிமீட்டர் சேசிஸில் 15 விழுக்காடு. ஆனால் பெட்டி போன்ற சேசிஸ் உள்ளிருந்தும் அரிக்கப்படுமே, அப்போது?

மதிப்பிடும்போது மாணவர் எந்த முடிவுக்கு வந்தார் என்பதற்கு மதிப்பெண் வைக்காதீர்கள். எந்தச் சான்றைப் பார்த்து முதல் எண்ணத்தை மாற்றிக்கொண்டார், அல்லது மாற்றாமல் இருந்தார் என்பதற்கு வையுங்கள். முதல் வாக்கெடுப்புத் தாளையும் இரண்டாவதையும் அருகருகே வைத்தால் அது தெரிந்துவிடும்.

இன்னொரு வேண்டுகோள். ஒரு குடும்பத்தின் பொருளை வகுப்புக்குள் கொண்டுவரும்போது அந்தக் குடும்பத்தின் வருமானம் கரும்பலகைக்கு வரக் கூடாது. கணக்குகள் எப்போதும் "ஒரு குடும்பம்" என்றே தொடங்கட்டும்.

சென்ற மாதம் பள்ளியில் புதிதாக வந்த இரும்புப் பெஞ்சுகளை வகுப்புகளுக்குப் பிரித்தோம். மற்ற மாணவர்கள் மேற்பலகையின் வழவழப்பைத் தடவிப் பார்த்தார்கள். அந்த மாணவி முதலில் குனிந்து, கால்கள் தரையைத் தொடும் இடத்தைப் பார்த்தாள்.